கோழிக் காலில் ஒரு தையல் வகுப்பு

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது என்று தென்காசியிலிருந்து டெலிபோன் வந்துவிட்டால் எனக்குச் சென்னையில் இருப்புக் கொள்ளாது. இந்த வருஷமும் ஆனி பிறந்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டேன். பொதிகை எக்ஸ்பிரஸ் கடையநல்லூரைத் தாண்டும்போதே ஜன்னல் வழியாக அந்தக் குளிர்ந்த காற்று வந்து முகத்தைத் தடவுகிறது, பாருங்கள், அதற்காகவே டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் தகும்!

வீட்டுக்குள் நுழைந்தால், தார்சாவில் அப்பா காலத்து எழுது மேஜைக்கு முன்னால் என் அண்ணன் மகள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் மேஜைமேல் பதிந்திருந்தன. கண்கள் ஒரு சிறிய மைக்ராஸ்கோப்புக்குள் போய்விட்டிருந்தன.

"வாங்க அத்தை" என்றாள், தலையைத் தூக்காமலே.

எனக்குச் சற்றுக் கோபந்தான். எட்டு மாதம் கழித்து வருகிற அத்தைக்கு இதுதானா வரவேற்பு? அதற்குள் மதினி அடுக்களையிலிருந்து ஓடி வந்து, "கோவிச்சுக்காதீங்க. ஊசி கையில இருந்தா அவ யாரையும் பார்க்கமாட்டா. பேனைக்கூடப் போட விடமாட்டேங்கா" என்று என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

பேன் போட்டால் நூல் பறந்துவிடுமாம்! மூச்சைச் சற்றுப் பலமாக விட்டாலே பறந்துவிடுமாம். தென்காசிக்கு அவள் லீவில் வந்ததற்கு அருவி ஒரு காரணம் என்றால், பேன் இல்லாமல் உட்காரக்கூடிய ஊர் என்பது மற்றொரு காரணம் என்று பிறகு தெரிந்தது.

பெண் டாக்டராகி, எம். எஸ். பரீட்சையும் தேறி, இப்போது 'பிளாஸ்டிக் சர்ஜரி' படிக்கிறாள். பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் மூக்கை நிமிர்த்துவது, முகச் சுருக்கத்தை எடுப்பது என்றுதான் நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் கற்றுக்கொள்வதோ அறுந்துபோன விரலை மீண்டும் ஒட்டுவது. பத்திரிகைகளில் 'நுண் அறுவைச் சிகிச்சை' என்று எழுதுகிறார்கள். அவள் 'மைக்ரோ சர்ஜரி' என்றுதான் சொல்கிறாள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அன்று மாலையே வீட்டில் ஒரு கலகம். பெண் கடைக்குப் போய் ஒரு கோழிக் காலை வாங்கி வந்துவிட்டாள்.

எங்கள் வீடு ஏழு தலைமுறைச் சைவம். என் அம்மா, அதாவது அவள் ஆச்சி, பூஜை அறையிலிருந்து எழுந்து வந்து, "ஏட்டி, கோழிக் காலா? சிவ சிவா! அந்தக் கருமத்தை எடுத்துக்கிட்டு அடுப்பங்கரைப் பக்கம் வந்தியானா பாத்துக்கோ!" என்று நின்றுவிட்டாள்.

"திங்கதுக்கு இல்ல ஆச்சி, தைக்கதுக்கு."

"கோழிக்கு எதுக்குட்டி தையல்?"

சிரிப்புக்கிடையே நடந்த சமாதானப் பேச்சின் முடிவு இது: கோழிக் கால் வீட்டுக்குள் வரக்கூடாது, கொல்லையில் பழைய மாட்டுத் தொழுவத்தில் மேஜை போட்டுக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஆச்சியின் கேள்வி மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. கோழிக்கு எதற்குத் தையல்?

* * *

நான் ஒன்பது வயதுப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருவில் ஓர் ஆசாரி இருந்தார். எனக்குச் செப்புச் சாமான் கடைந்து கொடுத்தவர். அம்மி, ஆட்டுக்கல், குத்துவிளக்கு எல்லாம் விரல் உயரத்தில்! கையில் வாங்கினால் கீழே வைக்க மனம் வராது. அவர் ஒரு மர அறுவை மில்லிலும் வேலை பார்த்தார். மேற்கு மலையடிவாரத்து ஊர்களில் மர வியாபாரம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஒரு நாள் வட்ட ரம்பம் அவருடைய வலது கட்டை விரலைக் கொண்டுபோய்விட்டது. ரத்தம் நின்றது, புண் ஆறியது, ஆளும் பிழைத்தார். விரலை யாரோ மில்லின் பின்னாலேயே புதைத்துவிட்டார்களாம். கட்டை விரல் இல்லாத கை உளியை எப்படிப் பிடிக்கும்? கையின் வேலையில் பாதிக்குப் பக்கம் அந்த ஒரு விரலுடையது என்று டாக்டர்கள் கணக்குச் சொல்கிறார்கள். ஆசாரி பிறகு ஒரு கடை வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். தெருவில் என்னைக் கண்டால் கையை மேல் துண்டுக்குள் மறைத்துக்கொள்வார்.

இதில் மனத்தை அறுக்கிற விஷயம் ஒன்று உண்டு. அதற்குச் சில வருஷங்கள் முன்னதாகவே, 1965-ல், ஜப்பானில் நாரா என்ற ஊரில் கொமாட்ஸு, தமாய் என்ற இரு டாக்டர்கள் முழுதாக அறுந்துபோன ஒரு கட்டை விரலை மைக்ராஸ்கோப்பின் உதவியால் ஒட்டி உயிர் பெறச் செய்துவிட்டிருந்தார்கள். அது நாராவில் முடிந்தது. எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தியே வரவில்லை.

விரலை ஒட்டுவதென்றால் எலும்பைக் கம்பியால் நிறுத்துவதும் தோலைத் தைப்பதும் மட்டும் போதாது. ரத்தம் உள்ளே போக ஒரு குழாய், வெளியே வர ஒரு குழாய் வேண்டும். விரலின் அடிப்பாகத்தில் அந்த ரத்தக் குழாயின் குறுக்களவு சுமார் ஒரு மில்லிமீட்டர். நுனிக்குப் போகப் போக அதிலும் பாதி. சேமியாவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சேமியா உள்ளே துளையுள்ளதாக, நனைந்த காகிதம் போலத் துவண்டு கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு வாயையும் பொருத்திச் சுற்றிலும் எட்டுத் தையல் வரை போட வேண்டும். ஒரு சொட்டும் ஒழுகக்கூடாது, உள்ளே ஒரு நூலிழை அளவுகூட அடைப்பு இருக்கக்கூடாது.

தைக்கும் நைலான் நூலுக்கு '10-0' என்று பெயர். அதன் கனம் 0.02 முதல் 0.03 மில்லிமீட்டருக்குள், நம் தலைமயிரில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மேஜையில் விழுந்தால் எடுக்க முடியாது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது! ஊசி அந்த நூலோடு சேர்ந்தே வரும், பிறை போல் வளைந்து. அதைக் கையால் தொடுவதில்லை. கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கிற கூர்நுனிச் சிமிட்டாவைத்தான் ஆரம்பத்தில் டாக்டர்கள் கடன் வாங்கினார்கள். இன்றும் அதே ஜாதிதான்.

* * *

தைப்பது என்று வந்துவிட்ட பிறகு நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? மதினி கேட்டாள்: "இதை ஆம்பிளைங்க எங்க படிச்சாங்க?"

கேட்டாளே ஒரு கேள்வி! ஒரு பெண்ணிடந்தான் படித்தார்கள்.

1894-ஆம் வருஷம் ஜூன் மாதம் பிரான்ஸ் தேசத்தின் ஜனாதிபதி சாதி கார்னோ, லியோன் நகரத்துக்கு விஜயம் செய்திருந்தபோது ஒருவன் கத்தியால் குத்திவிட்டான். வயிற்றுக்குள் பெரிய ரத்தக் குழாய் கிழிந்தது. ஊரிலுள்ள பெரிய டாக்டர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்; குழாயைத் தைக்க ஒருவருக்கும் தெரியவில்லை. ஜனாதிபதி ரத்தம் வடிந்தே இறந்துபோனார். அந்த ஊரில் அப்போது வைத்தியம் படித்துக்கொண்டிருந்த அலெக்ஸி காரெல் என்ற இளைஞருக்கு இது பொறுக்கவில்லை. துணியைத் தைக்கிறார்கள், தோலைத் தைக்கிறார்கள், ரத்தக் குழாயை மட்டும் ஏன் தைக்கக்கூடாது?

லியோன் பட்டுக்குப் பேர்போன ஊர். நம் காஞ்சீபுரம் மாதிரி. அங்கே லெருதியே என்ற அம்மாள் பூவேலைத் தையலில் கெட்டிக்காரி. காரெல் அவளிடம் போய் மெல்லிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளப் பாடம் கேட்டார். காகிதத்தில் தைத்துத் தைத்துப் பழகினார். 1902-ல் தம் முறையை வெளியிட்டார். 1912-ல் நோபல் பரிசு வாங்கினார். அவருடைய பிற்காலத்து அபிப்பிராயங்கள் சில எனக்குச் சற்றும் பிடிக்காதவை. ஆனால் தையலில் மனிதர் மன்னர்தான். லெருதியே அம்மாளுக்கு யாரும் பரிசு கொடுத்ததாகத் தெரியவில்லை.

அவர் கண்ட வழியை நம் வீட்டுத் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ரவிக்கைக் கையை உடலோடு சேர்க்கும்போது என்ன செய்கிறோம்? வட்டத்தை வட்டத்தோடு நேராகத் தைக்கப் போனால் சுருக்கம் விழும். அதனால் மூன்று நான்கு இடத்தில் முதலில் ஊசி குத்தி நிறுத்திக்கொள்கிறோம். காரெலும் அதைத்தான் செய்தார். குழாயின் வாயைச் சுற்றி மூன்று இடத்தில் நூல் போட்டு இழுத்தால் வட்டம் முக்கோணமாகிவிடும். பிறகு தைக்க வேண்டியது மூன்று நேர்க்கோடுகள்தான்!

காரெல் தம் முறையை வெளியிட்டபோது மைக்ராஸ்கோப்பை வைத்து அறுவை செய்யும் வழக்கம் இல்லை. காதுச் சிகிச்சைக்காக 1921-ல் ஸ்வீடனில் நீலேன் என்ற டாக்டர் முதலில் மைக்ராஸ்கோப்பை வைத்து அறுவை செய்தார். 1960-ல் அமெரிக்காவில் ஜேக்கப்ஸன் என்பவர் அந்தக் காது மைக்ராஸ்கோப்பை வாங்கி ரத்தக் குழாய்க்குத் திருப்பினார். அதே சமயத்தில் கலிபோர்னியாவில் ஹாரி பங்க்கி என்ற டாக்டர் தம் வீட்டு மோட்டார் ஷெட்டையே பரிசோதனைச் சாலையாக்கி, முயல் காதை வெட்டி ஒட்டிப் பழகினார். அவர் மனைவி கான்ஸ்டன்ஸும் டாக்டர்தான். அந்த முயற்சிகளில் அவருக்கும் பங்குண்டு. கார் எங்கே நின்றதோ, தெரியவில்லை.

பழக்கம் முதலில், நோயாளி பிறகு என்கிற முறை மேல்நாட்டார் கண்டுபிடித்ததென்று எண்ணிவிடாதீர்கள். சுச்ருத சம்ஹிதையில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. சாஸ்திரம் படித்தவனாயினும் கை பழகாதவனை வேலைக்கு விடக்கூடாது என்ற கருத்தில், எதை எதில் பழகவேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. வெட்டிப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரி. ரத்த நாளத்தைக் குத்திப் பழகச் செத்த மிருகத்தின் நாளமும் தாமரைத் தண்டும். தைத்துப் பழகத் துணியும் மெல்லிய தோலும். கட்டுக் கட்டிப் பழக மனித உருவில் செய்த பொம்மை.

இதை நான் படித்துச் சொன்னபோது ஆச்சிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியாட்டி, தாமரைத் தண்டு! அந்தக் காலத்துல சுத்தமாத்தான் செஞ்சிருக்காங்க" என்றாள். செத்த மிருகத்தை வசதியாகக் காதில் வாங்காமல் விட்டுவிட்டாள்.

* * *

இனி அந்தத் தொழுவத்து வகுப்புக்கு வருவோம்.

முதல் பாடத்துக்குக் கோழியும் வேண்டாம், ஆடும் வேண்டாம். ரப்பர் கையுறையில் ஒரு துண்டை வெட்டி, அட்டையில் இழுத்து ஒட்டி, நடுவில் ஒரு கீறல். அதைத் தைக்க வேண்டும். ஊசி நெட்டுக்குத்தாக இறங்கவேண்டும். இரண்டு பக்கமும் விளிம்பிலிருந்து சம தூரம். முடிச்சுகளெல்லாம் ஒரே வரிசை. கேட்கச் சுலபம். எனக்கும் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கக் கொடுத்தாள். நான் நாற்பது வருஷமாகத் தைக்கிறவள், தெரியுமா? கண்ணை வைத்தேன். சிமிட்டாவின் நுனி கடப்பாரை மாதிரி தெரிந்தது. என் கை நடுங்குவது எனக்கே அதுவரை தெரியாது. அதற்குள்ளே பூகம்பமாக இருந்தது! கால் மணி நேரத்தில் ஒரு முடிச்சும் போடாமல் எழுந்துவிட்டேன்.

"எல்லாருக்கும் நடுங்கும் அத்தை. பெரிய டாக்டர்களுக்கும் நடுங்கும். கையை ஊன்ற வைக்கத் தெரிந்தவங்களுக்குக் குறைச்சலா நடுங்கும்" என்றாள்.

சுண்டு விரல் பக்கத்து உள்ளங்கை மேஜையில் பதிந்திருக்க, விரல்கள் மட்டும் அசைய வேண்டும். நாற்காலியின் உயரம் சரியாக இருக்கவேண்டும். பயிற்சிக்கு முன் அவள் காபி குடிப்பதில்லை. கனமான வாளி தூக்குவதில்லை. ஒரே நாளில் எட்டு மணி நேரம் உட்காருவதைவிடத் தினம் ஒரு மணி நேரம் பலன் தரும் என்கிறாள். வீணைக்கும் அப்படித்தானே?

பக்கத்து வீட்டு அம்மாள் பீடி சுற்றுகிறவள். இந்தச் சீமையில் ஆயிரக்கணக்கான வீடுகளில் பெண்களின் பிழைப்பு அது. மடியில் முறம், பேச்சு வேறு எங்கோ, விரல்கள் மட்டும் இலையைச் சுருட்டி, நூலைச் சுற்றி, நுனியை மடித்துக்கொண்டே போகின்றன. என் மருமகள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவங்க கை அனாவசியமா ஒரு அசைவுகூட அசையலை, கவனிச்சீங்களா?" என்றாள். அவளுடைய பயிற்சிக்கு மார்க் போடும் ஆசிரியர்கள் வீடியோவில் எண்ணுவதும் அதைத்தானாம்: எத்தனை வீண் அசைவு, எத்தனை நிமிஷம், தையல்களுக்கிடையே எவ்வளவு தூரம். தைத்தவர் யார் என்று தெரியாமல் மறைத்து வைத்து மார்க் போடுவதும் உண்டாம்.

கையுறை சலித்த பிறகு 'காஸ்' துணியின் ஒற்றை இழைகளை எடுத்து முடிச்சுப் போடுவது. பிறகு இலை, இழுத்தால் கிழியும் என்பதால் பலத்தை அடக்கக் கற்றுக்கொடுக்கும். சிலிகான் குழாய்களும் விற்கிறார்கள். ஜப்பானில் ஷிராதாகி என்றொரு நூடுல்ஸ் உண்டு. கிழங்கு மாவில் செய்வது. வழவழவென்று துவளுகிற அதில் துளையிட்டு ரத்தக் குழாயாக வைத்துக்கொண்டு தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கிழங்கு நம் சேனைக்கிழங்கின் நெருங்கிய உறவு என்றதும் மதினிக்கு ஆச்சரியம். மூளைச் சிகிச்சை படிப்பவர்கள் கோழி முட்டையின் ஓட்டை மட்டும் துளைத்து உள்ளே இருக்கும் சவ்வைக் கிழியாமல் விடப் பழகுகிறார்கள். கண் டாக்டர்கள் தக்காளித் தோலையும் திராட்சைத் தோலையும் வட்டமாகக் கிழித்துப் பழகுவதுண்டு; கண்ணுக்குள் லென்ஸைச் சுற்றியுள்ள மெல்லிய உறையை அப்படித்தான் கிழிக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் தாண்டிக் கோழிக் கால் எதற்கு? அதன் தொடையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் நிஜமான ரத்தக் குழாய் ஓடுகிறது. சுற்றியுள்ள தசையைக் கிழிக்காமல் பிரித்தெடுக்கவே ஒரு பாடம். பிறகு வெட்டித் தைக்க வேண்டும். தைத்து முடித்ததும் ஒரு முனையில் நீலச் சாயம் கலந்த தண்ணீரை மெதுவாக ஏற்றுவாள். ஒழுகினால் உடனே தெரியும். ஒழுகாவிட்டால் அதோடு விடமாட்டாள். குழாயை நீளவாட்டில் பிளந்து உள்ளே பார்ப்பாள். ஏன் என்கிறீர்களா? ரவிக்கை தைக்கும்போது அடியில் கிடக்கிற துணியும் சேர்ந்து மாட்டிக்கொள்வதுண்டல்லவா? நமக்கானால் பிரித்துவிட்டு இரண்டு திட்டுத் திட்டிக்கொள்வோம். இங்கே எதிர்ப்பக்கத்துச் சுவரை ஊசி சேர்த்துப் பிடித்துவிட்டால் குழாய் மூடிப்போயிற்று, விரல் கறுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தையல் அழகாகவே இருக்கும்!

கோழிக் கால் சொல்லிக்கொடுக்காத பாடமும் உண்டு. அது செத்த கால். ரத்தம் துடிக்காது, உறையாது, குழாய் கோபித்துக்கொண்டு சுருங்காது. அதற்காகத்தான் கடைசிக் கட்டத்தில், மயக்கம் கொடுத்த எலியின் தொடைக் குழாயில் பழகுகிற வழக்கம் உலகமெங்கும் இருக்கிறது. அதுவும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். எனக்கு இது கேட்கச் சங்கடமாக இருந்தது. அவளுக்கும் சங்கடந்தான். நம் நாட்டில் 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த கமிட்டியின் அனுமதியில்லாமல் அதைச் செய்ய முடியாது. மிருகங்களுக்குப் பதில் வேறொன்று கிடைத்தால் அதைக் கொள்ளவேண்டும், முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும், வேதனையைக் குறைக்கவேண்டும் என்ற மூன்று விதிகளை இங்கிலாந்தில் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் 1959-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார்கள். கையுறையிலும் கோழிக் காலிலும் நன்றாகத் தேறியவர்கள் எலியிடம் போனால் வீணாகும் எலிகள் குறையும் என்பது என் மருமகளின் கட்சி. கோழிக் குழாயில் சிறு பம்பு வைத்துச் செயற்கை ரத்தம் துடிக்கச் செய்யும் ஏற்பாடும் வந்திருக்கிறது.

இன்னொன்றைக் கேட்டதும் நாங்கள் மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிள்ளை பிறந்தபின் விழுகிற நஞ்சுக்கொடி! அதில் பெரியதும் சிறியதுமாக மனித ரத்தக் குழாய்களே கிளை கிளையாக ஓடுகின்றன. தாயின் சம்மதத்தோடு அதை வாங்கிப் பயிற்சிக்கு வைத்துக்கொள்கிறார்கள். "நாலு பெத்தேன். நாலையும் குழி தோண்டிப் புதைச்சாங்க" என்றாள் ஆச்சி மெதுவாக. வருத்தமா, ஆச்சரியமா என்று தெரியவில்லை.

* * *

நடுவில் ஒரு நாள் குற்றாலம் போனோம். பேரருவியில் கூட்டம் தாங்கவில்லை, ஐந்தருவிக்குப் போனோம். பெண் அன்று காலைப் பயிற்சியை முடித்துவிட்டே கிளம்பினாள். அருவி தோளில் அடித்த பிறகு ஊசி பிடித்தால் கை கேட்காதாம். போகிற வழியில் தோல் உரித்துப் பழக என்று ஒரு பை திராட்சை வாங்கினாள். பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்ததுதான் தாமதம், மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கியது, பை போயிற்று! எதிர்க் கிளையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் தோலை உரித்துத் தின்றது. "என்னைவிட நல்லா உரிக்குது" என்று இவள் நின்று பார்த்தாளே தவிர, விரட்டவில்லை.

திரும்பும்போது காரில் பேச்சு கண்ணைப் பற்றித் திரும்பியது. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் நடக்கிற அறுவைகளில் நம் குடும்பங்களுக்கு நன்கு தெரிந்தது கண்புரைதான். அதற்குப் பழக நம் நாட்டில் ஆட்டுக் கண்ணை வாங்குகிறார்கள். ஆட்டின் லென்ஸ் தெளிவாக, மெத்தென்று இருக்கும். கிழவர்களின் புரை மாதிரி கெட்டிப்பட்டிராது. ஆகவே சில விநாடி மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தோ, பார்மலின் ஏற்றியோ அதற்கு வயதாக்கிவிடுகிறார்கள்!

கையும் பழக்கமும் என்று பேசினால் டாக்டர் கோ. வெங்கடசாமியைச் சொல்லாமல் முடியாது. எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர். ராணுவத்தில் டாக்டராக இருந்தபோது கடுமையான மூட்டுவாதம் வந்து படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிப்போயின. பிரசவ வைத்தியம் பார்க்க ஆசைப்பட்டவர். அது முடியாமற் போயிற்று. கண் வைத்தியத்துக்குத் திரும்பினார். கோணிய விரல்களுக்குக் கத்தி பிடிக்கப் பழக்கினார். தம் கைக்கேற்ற கருவிகளை அமைத்துக்கொண்டார். லட்சத்துக்கு மேற்பட்ட கண்களில் அறுவை செய்தார். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்ததுதான் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. 1988-ல் திருநெல்வேலிக்கும் வந்தது. வெளிநாட்டு டாக்டர்கள்கூட இன்று அங்கே கை பழக வருகிறார்கள். அந்த விரல்களின் படத்தை என் மருமகள் போனில் வைத்திருக்கிறாள்.

கைக்கும் விரலுக்குமாக உழைத்த இன்னொரு வெங்கடசாமியும் உண்டு. பெயர்க் குழப்பம் வேண்டாம். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கை அறுவைக்கென்றே ஒரு துறையை வளர்த்த டாக்டர் ஆர். வெங்கடசாமி அவர். அதற்கும் முன்னால், 1946-ல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை நிமிர்த்திக் காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்தவர், டாக்டருக்குப் படிக்குமுன் தச்சுவேலை கற்றவர். கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரியில் டாக்டர் எஸ். ராஜசபாபதியும் அவர் குழுவினரும் அறுந்த விரல்களையும் கைகளையும் ஒட்டுவதில் பேர் பெற்றவர்கள். இளம் டாக்டர்களுக்கு மைக்ரோ சர்ஜரிப் பயிற்சியும் அங்கே உண்டு.

நான் கோயம்புத்தூரைத் தென்காசியிலிருந்து அளந்து பார்த்தேன். சுமார் 350 கிலோமீட்டர். மதுரையே 150-க்கு மேல். மர மில், விசைத்தறி, கிரைண்டர், மாட்டுத் தீவனம் வெட்டும் மெஷின் எல்லாம் இருப்பது இங்கே. அதனால்தான் இந்தப் பெண் இப்படி உட்கார்ந்து தைக்கிறாளோ என்று தோன்றிற்று. கேட்டேன். "படிப்பு முடிஞ்சதும் திருநெல்வேலிப் பக்கமே வந்துரணும் அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

அவளிடம் கேட்டு எழுதிக்கொண்டதை இங்கே கொடுக்கிறேன். எந்த வீட்டில் எப்போது தேவைப்படுமோ! விரல் அறுந்துவிட்டால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டிக் கையை உயர்த்திப் பிடிக்கவேண்டும். அறுந்த துண்டை எறிந்துவிடாதீர்கள். சுத்தமான தண்ணீரில் லேசாக அலசி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுத் தண்ணீர் புகாமல் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள பாத்திரத்தில் வைக்கவேண்டும். விரல் நேராக ஐஸில் படக்கூடாது. பட்டால் உறைந்து கெட்டுப்போகும். மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் கூடாது. இப்படிக் குளிர்ச்சியில் வைத்த விரல் பல மணி நேரம் தாங்கும். தசை அதிகமுள்ள முழங்கை போன்ற பகுதிக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் கிடையாது. முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டுப் புறப்படுங்கள். வழியில் பசிக்குமே என்று காபி, டிபன் வாங்கிக் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். நசுங்கிப்போன விரலை ஒட்டுவது கஷ்டம். ஒட்டலாமா கூடாதா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

* * *

நான் சென்னைக்குத் திரும்புவதற்கு முதல் நாள் மாலை. சாரல் தொழுவத்து ஓட்டில் பொடிப் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. ஆச்சி மெதுவாகக் கொல்லைப் பக்கம் வந்து தொழுவத்து வாசலில் நின்றாள். கையால் மூக்கை மூடியிருந்தாள்.

"முடிஞ்சுதாட்டி?"

"முடிஞ்சுது ஆச்சி. எட்டுத் தையல். ஒழுகலை. பாக்கிறீங்களா?"

ஆச்சி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த மைக்ராஸ்கோப், செல்போன் பழுதுபார்க்கிற கடைகளில் வைத்திருப்பார்களே, அந்த வகை. பேத்தி உயரத்தைச் சரிசெய்து கொடுத்தாள். ஆச்சி தன் கல்யாணத்துக்கு முன்பே பூவேலை போட்டவள். அவள் தைத்த தலையணை உறை ஒன்று இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

வெகு நேரம் பார்த்தாள். கோழியென்பது மறந்துவிட்டது போலிருந்தது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் கடைசியில். "மூணாவது தையல்தான் நாலாவதை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போச்சு."

பேத்தி குனிந்து தானும் பார்த்தாள். கத்தரியை எடுத்து அந்த மூன்றாவது தையலை வெட்டினாள்.